இன்சுலின் வெளியேறும் துளை வழியே

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்குக் கொட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஓர் உயிர் இருக்கிறது. வெண்கூடானாலும் மஞ்சள் கூடானாலும் அதன் ஓட்டில் கண்ணுக்குத் தெரிகிற துளை ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் உள்ளே கூட்டுப்புழு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே நூலை முன்னும் பின்னுமாகச் சுற்றிப் பசையிட்டு ஒட்டிய அந்தச் சுவரின் இழைகளுக்கு நடுவே ஆக்சிஜன் உள்ளே போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. உள்ளிருப்பதைக் காக்கவும் வேண்டும், அதற்கு மூச்சு முட்டவும் கூடாது. பட்டுப்புழு இந்த இரண்டையும் ஒரே சுவரில் சாதித்துவிடுகிறது.

ஏறக்குறைய அரை நூற்றாண்டாகச் சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர்கள் இப்படியொரு கூட்டைக் கட்டத்தான் முயன்று வருகிறார்கள். உள்ளே வைக்க வேண்டியது இன்சுலின் சுரக்கும் கணையச் செல்கள். வெளியே நிறுத்த வேண்டியது நோயாளியின் எதிர்ப்பு மண்டலம். காக்கும் சுவரைப் பலர் பலவிதமாகக் கட்டிவிட்டார்கள். உள்ளே வைத்த செல்தான் ஏதோ ஒரு கட்டத்தில் வாடிப்போகிறது. அது வாடுவதற்கான காரணத்தில் பாதியை எதிர்ப்பு மண்டலத்தில் தேடலாம். மீதிப் பாதி ஆக்சிஜனில் இருக்கிறது. அது போதாமல் போவதும் ஆபத்து, தடம் மாறி வினைபுரிவதும் ஆபத்து.

முதல் வகை சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இந்த ஆராய்ச்சி ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். 2004 வரை அந்த ஊரெல்லாம் தருமபுரி மாவட்டம்தான். அந்தத் திட்டத்தில் வீடு தேடி வரும் சர்க்கரை மாத்திரைகள் நடுவயதில் வரும் இரண்டாம் வகை நோய்க்கானவை. பள்ளி வயதுப் பிள்ளைக்கு வரும் முதல் வகையில் மாத்திரை உதவாது. எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுவதால், அன்று முதல் ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசிதான். பென்னாகரம், அரூர்ப் பக்கத்து மலையோர ஊர்களில் கோடைக்காலத்தில் இன்சுலின் குப்பியைச் சூடேறாமல் வைத்திருப்பதே வீட்டாருக்கு ஒரு வேலை. இரவில் சர்க்கரை தாழ்ந்து பிள்ளை நினைவிழந்துவிடுமோ என்ற பயம் வேறு. ஊசி உயிரைக் காக்கிறது. ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் ரத்தத்தை அளந்து, தேவைக்கேற்பச் சுரந்து, தேவை தீர்ந்ததும் நிறுத்தும் வேலையை ஊசியால் செய்ய முடியாது. அதைச் செய்யும் செல்லைத் திரும்ப வைத்தால் என்ன என்பதுதான் கேள்வி.

அந்தச் செல் தனியாக இருப்பதில்லை. 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், கணையத்துக்குள் அங்கங்கே சிதறிக் கிடக்கும் செல் திட்டுகளை முதன்முதலாக விவரித்தார். மனிதக் கணையத்தில் இப்படிச் சுமார் 10 லட்சம் திட்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் சராசரியாக 150 மைக்ரான் குறுக்களவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. அதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட செல்கள். கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் இந்தத் திட்டுகள் என்றாலும், கணையத்துக்கு வரும் ரத்தத்தில் அதைப்போலப் பல மடங்கு பங்கை இழுத்துக்கொள்கின்றன. திட்டுக்குள் நுண்குழாய்கள் அவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருப்பதால் எந்த பீட்டா செல்லும் ரத்தத்திலிருந்து சில மைக்ரானுக்கு மேல் தள்ளி இருப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வரப்போகும் சிக்கல் முழுக்க இங்கேதான் முளைக்கிறது.

2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்டன் நகரில் ஜேம்ஸ் ஷாப்பிரோ குழுவினர், இறந்தவர்களின் கணையத்திலிருந்து பிரித்த திட்டுகளை 7 நோயாளிகளின் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். ஏழு பேரும் ஊசியை விட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஒரு நோயாளிக்கு ஒருவரின் கணையம் போதவில்லை. இரண்டு, மூன்று பேருடையது தேவைப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் பெரும்பாலோர் மறுபடி ஊசிக்கு வந்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்துகளை நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். அவை தொற்றுக்கு வழி திறக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவற்றில் சில பீட்டா செல்லுக்கே நஞ்சு. பத்து வயதுப் பிள்ளைக்கு இன்சுலின் ஊசிக்குப் பதிலாக இதைத் தருவதை நல்ல பேரம் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

அதனால்தான் உறை. 1933இல் இத்தாலியில் பிஷெல்யே புற்றுநோய்ச் செல்களை ஒரு சவ்வுப் பைக்குள் வைத்து வேறோர் உயிரினத்தின் வயிற்றறைக்குள் விட்டுப் பார்த்தார். அவை அழியாமல் இருந்தன. 1964இல் கனடாவில் டி.எம்.எஸ். சாங் செயற்கைச் சவ்வாலான நுண்குமிழ்களைப் பற்றி எழுதினார். 1980இல் ஃபிராங்ளின் லிம், அந்தோணி சன் இருவரும் எலியின் கணையத் திட்டுகளை ஆல்ஜினேட் ஜெல் குமிழுக்குள் அடைத்து, சர்க்கரை நோயுள்ள எலிகளின் வயிற்றறையில் விட்டார்கள். இரண்டு மூன்று வாரங்களுக்கு அந்த எலிகளின் ரத்தச் சர்க்கரை சரியான அளவில் நின்றது. இன்றுவரை நடக்கும் வேலை எல்லாம் அந்தச் சோதனையின் தொடர்ச்சிதான்.

உறையின் தத்துவம் அளவில் இருக்கிறது. குளுக்கோஸ் மூலக்கூறின் எடை 180 டால்டன். இன்சுலின் சுமார் 5,800. அயல் செல்லை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஏறக்குறைய 1,50,000. கொல்ல வரும் டி செல்லோ ஒரு முழுச் செல். அதன் முன் இவையெல்லாம் தூசு. குளுக்கோஸ் உள்ளே வரவும் இன்சுலின் வெளியே போகவும் இடம் தந்து, எதிர்ப்பொருளையும் டி செல்லையும் தடுக்கும் துளை அளவு ஒன்று இருந்தால் போதும். கணக்கு கச்சிதமாகத் தெரிகிறது.

ஆனால் இன்சுலின் வெளியேறும் துளை வழியே அதைவிடச் சிறியதெல்லாம் உள்ளே வரும். உறையைக் கண்டதும் சுற்றி வந்து குவியும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள், தங்களால் விழுங்க முடியாத பொருளின்மீது ஹைட்ரஜன் பெராக்சைடையும் நைட்ரிக் ஆக்சைடையும் உமிழ்கின்றன. முதலாவதின் எடை 34 டால்டன், இரண்டாவது 30. குளுக்கோஸை விடும் எந்தச் சுவரும் இவற்றைத் தடுக்காது. வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா 17,000 டால்டன்தான்; அதுவும் எதிர்ப்பொருளைவிட மிகச் சிறியது. ஆகவே துளையின் அளவை எவ்வளவு நுட்பமாகத் திருத்தினாலும் இந்தப் பிரச்சினை தீராது. சுவர் எந்தப் பொருளால் ஆனது, அந்தப் பொருள் பக்கத்துச் செல்களைச் சீண்டுமா, தன்னைக் கடந்து போகும் பெராக்சைடை வழியிலேயே தணிக்குமா என்ற கேள்விகளுக்கு வந்தே ஆக வேண்டும். இந்தத் துறையில் துளை அளவைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பற்றிப் பேசத் தொடங்கியது மிகத் தாமதம் என்பது என் கருத்து.

பெராக்சைடு எல்லாச் செல்லுக்கும் பகைதானே, பீட்டா செல்லுக்கு மட்டும் என்ன தனி ஆபத்து?

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் செல்லுக்குள் நான்கு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தண்ணீராக முடிகிறது. இது மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது. எலக்ட்ரான்கள் நடுவழியில் நழுவினால் பாதி வேகாத பொருள்கள் மிஞ்சுகின்றன. ஒன்று கிடைத்தால் சூப்பர் ஆக்சைடு, இரண்டு கிடைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு, மூன்று கிடைத்தால் எல்லாவற்றிலும் கொடிய ஹைட்ராக்சில். இவை கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என்று எதிர்ப்பட்டதன் எலக்ட்ரானைப் பிடுங்கிச் சிதைக்கும். இவற்றைத் தணிக்கச் செல்களிடம் நொதிகள் உண்டு. சூப்பர் ஆக்சைடைப் பெராக்சைடாக்க ஒரு நொதி, அந்தப் பெராக்சைடைத் தண்ணீராக்கக் கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்று இரண்டு. உற்பத்தி மிஞ்சித் தணிப்பு பின்தங்கும் நிலைக்குத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

1996இல் ஜெர்மனியில் சீகுர்ட் லென்சன் குழுவினர் எலியின் பல உறுப்புகளில் இந்த நொதிகளுக்கான மரபணுக்கள் எவ்வளவு இயங்குகின்றன என்று அளந்தார்கள். கல்லீரலில் இருப்பதை 100 என்று வைத்தால், கணையத் திட்டில் சூப்பர் ஆக்சைடைத் தணிக்கும் நொதிகள் 30 முதல் 38 வரை. குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் 15. கேட்டலேஸ் கண்டுபிடிக்கக்கூடிய அளவில் இல்லவே இல்லை. மற்ற உறுப்புகளில் எதுவும் இவ்வளவு நிராயுதபாணியாக இல்லை. ஆய்வகங்களில் எலிக்குச் சர்க்கரை நோயை வரவழைக்க 1943 முதல் பயன்பட்டு வரும் அலோக்சன் என்னும் வேதிப்பொருள் இந்தப் பலவீனத்தைத்தான் பயன்படுத்துகிறது. பீட்டா செல்லுக்குள் புகுந்து திரும்பத் திரும்பப் பெராக்சைடை உண்டாக்குகிறது. செல்லால் தாங்க முடிவதில்லை.

இதற்கு நடுவே பீட்டா செல் தன் தொழிலாலேயே பெராக்சைடை உற்பத்தி செய்கிறது. ஒவ்வோர் இன்சுலின் மூலக்கூறும் சரியாக மடிய மூன்று கந்தகப் பிணைப்புகள் விழ வேண்டும். ஒவ்வொரு பிணைப்பு விழும்போதும் ஒரு பெராக்சைடு மூலக்கூறு பிறக்கிறது. முழு வேகத்தில் வேலை செய்யும் ஒரு பீட்டா செல் நிமிடத்துக்குச் சுமார் 10 லட்சம் முன்-இன்சுலின் மூலக்கூறுகளைச் செய்யும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் பெராக்சைடு நிமிடத்துக்கு 30 லட்சம். இவ்வளவு உண்டாக்கும் செல்லிடம் தணிக்கும் நொதி ஏன் குறைவு? குளுக்கோஸ் ஏறிவிட்டது, இன்சுலினை விடு என்ற சமிக்ஞையில் சிறிதளவு பெராக்சைடுக்கும் பங்கு இருப்பதாகச் சோதனைகள் காட்டுகின்றன. முழுதாகத் துடைத்துவிட்டால் செல் சர்க்கரையை உணர்வதே மங்கும். இதை உறை செய்பவர்கள் மறக்கக் கூடாது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளை அள்ளிப் போடுவது தீர்வாகாது.

இனி மூச்சுக்கு வருவோம். உடலுக்கு வெளியே பிரித்தெடுத்த திட்டில் நுண்குழாய்கள் அறுந்துபோயிருக்கும். அதை உறைக்குள் போட்டால் புதிய குழாய்கள் உள்ளே வளரவும் வழியில்லை. அவற்றைத் தடுக்கத்தானே உறை. ஆகவே ஆக்சிஜன் ஜெல்லுக்குள் ஊறி ஊறித்தான் வர வேண்டும். உடல் திரவத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு சுமார் 5 மில்லிமோல் கரைந்திருக்கிறது. சிவப்பணு இல்லாத திசுத் திரவத்தில் ஆக்சிஜன் கரைந்திருப்பது அதில் நூறில் ஒரு பங்குதான். அதனால் உறைக்குள் இருக்கும் செல் பசியால் சாவதில்லை, மூச்சுத் திணறியே சாகிறது. ரத்தக்குழாயிலிருந்து 100, 200 மைக்ரான் தாண்டினால் திசு வாழ்வது கடினம் என்பது பொது விதி. 150 மைக்ரான் திட்டை 600 மைக்ரான் குமிழில் வைத்தால், குமிழின் கன அளவு திட்டைப்போல 64 மடங்கு. அந்த வெறும் ஜெல் முழுவதையும் தாண்டித்தான் ஆக்சிஜன் வந்து சேர வேண்டும்.

இன்னும் நுட்பமான ஒரு விஷயம் இருக்கிறது. ஆக்சிஜன் குறையும்போது செல் உடனே சாவதில்லை. சாவதற்கு வெகு முன்பே இன்சுலின் சுரப்பதை நிறுத்துகிறது. உறையை வெளியே எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்தால் உயிருள்ள செல்கள் பளிச்சென்று தெரியும். நோயாளியின் சர்க்கரை மட்டும் குறைந்திருக்காது. ஆக்சிஜன் போதாமல் மைட்டோகாண்ட்ரியாவில் தேங்கும் எலக்ட்ரான்கள் நழுவி சூப்பர் ஆக்சைடை உண்டாக்குகின்றன. பிறகு ஆக்சிஜன் திரும்பி வரும்போது அந்தக் கசிவு இன்னும் கூடுகிறது. மூச்சு முட்டுவதும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் எதிரெதிர் துருவங்கள் என்று தோன்றும். பீட்டா செல்லில் ஒன்று மற்றொன்றை இழுத்து வருகிறது.

எதிர்ப்பு மண்டலத்தின் தலையீடு இல்லாமலே ஆக்சிஜனேற்ற அழுத்தம் கணையத்தைத் தாக்கும் என்பதற்குத் தென்னிந்தியாவுக்கு மிகவும் பழக்கமான ஒரு நோயே சான்று. கணையத்தில் கல் சேர்ந்து, தாளாத வயிற்று வலியும் பிறகு சர்க்கரை நோயும் வரும் வெப்பமண்டலக் கணைய அழற்சி, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உலகிலேயே அதிகம் ஆராயப்பட்டது. கேரளத்தில் ஜீவர்கீஸும் சென்னையில் வி. மோகனும் இதில் நெடுங்காலம் உழைத்தவர்கள். மரவள்ளிக் கிழங்கிலுள்ள சயனைடுப் பொருள் காரணமாக இருக்கலாம் என்று 1979இல் ஒரு கருத்து வந்தது. மரவள்ளிக் காடுகள் நிறைந்த தருமபுரி, சேலம் பக்கத்தவர்களுக்கு அது பயமூட்டும் செய்திதான். ஆனால் அந்தக் கருத்து நிலைக்கவில்லை. மரவள்ளி சாப்பிடாதவர்களுக்கும் நோய் வருகிறது, ஸ்பின்க்-1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்துக்கும் இதில் பங்கு உண்டு. மான்செஸ்டரின் ஜோன் பிரகான்சா சென்னை மருத்துவர்களோடு சேர்ந்து, இந்த அழற்சியின் வேரில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் இருப்பதாக 1990இல் வாதிட்டார்.

வலி தாங்க முடியாத கணைய அழற்சியில் சிலருக்குக் கணையத்தையே எடுத்துவிட்டு, அதிலிருந்து பிரித்த திட்டுகளை அவர்களுடைய கல்லீரலுக்கே செலுத்துகிறார்கள். 1977இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கிய முறை இது. அவரவர் செல் அவரவர் உடலுக்குள்தான் போகிறது. அயல் என்று நிராகரிக்க எதுவும் இல்லை. அப்படியும் செலுத்திய திட்டுகளில் பெரும் பங்கு முதல் சில நாட்களிலேயே அழிந்துபோகிறது. ரத்தத்தைத் தொட்டதும் கிளம்பும் உடனடி அழற்சியும், புதிய நுண்குழாய்கள் வளர ஆகும் இரண்டு வாரத்து மூச்சுத் திணறலும் சேர்ந்து அழிக்கின்றன. எதிர்ப்பை மட்டும் தடுத்துவிட்டால் போதும் என்று எண்ணுபவர்கள் இந்தச் சிகிச்சையின் முடிவுகளை ஒருமுறை படிக்க வேண்டும்.

எந்தப் பொருளால் உறை செய்வது? முதலில் வந்த ஆல்ஜினேட் இன்னும் முதலிடத்தில் இருக்கிறது. பழுப்புக் கடற்பாசியின் செல்சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலி இது. மண்டபம், ராமேசுவரம் கடலோரப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் பாசிகளில் கட்டக்கோரை என்பது இந்த ஆல்ஜினேட்டுக்கானதுதான். இதன் பெரிய நன்மை மென்மை. கால்சியம் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் அறைவெப்பத்திலேயே, செல்லுக்குக் காயமில்லாமல் உருண்டையாக உறைந்துவிடும். தீமை அதன் அழுக்கு. துணி அச்சுக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகும் ஆல்ஜினேட்டில் பாக்டீரியாவின் நச்சுப்பொருளும் பாலிஃபீனால்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். பல ஆண்டுகள் ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இந்த அழுக்கு ஒரு முக்கியக் காரணம். லிம்மும் சன்னும் உறுதிக்காகச் சேர்த்த பாலிலைசின் என்ற பூச்சும் விழுங்கு செல்களைச் சீண்டியது. சீண்டப்பட்ட செல்கள் உறைமேல் நார்த்தோல் வளர்க்கும். அந்தத் தோல் வருகிற ஆக்சிஜனைத் தானே உறிஞ்சிக்கொண்டு, பதிலுக்குப் பெராக்சைடை உள்ளே அனுப்பும்.

இங்கே எனக்கு மிகவும் சுவையான முரண் ஒன்று இருக்கிறது. 2015இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ராபர்ட் லாங்கர், டேனியல் ஆண்டர்சன் குழுவினர், அரை மில்லிமீட்டர் உருண்டைகளைவிட ஒன்றரை மில்லிமீட்டர் உருண்டைகளில் நார்த்தோல் மிகக் குறைவாக வளர்கிறது என்று காட்டினார்கள். உடலுக்குப் பெரிய உருண்டை உறுத்தவில்லை. ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர் உருண்டையின் நடுப்புள்ளி மேற்பரப்பிலிருந்து 750 மைக்ரான் ஆழத்தில் இருக்கிறது. அங்கே இருக்கும் திட்டுக்கு ஆக்சிஜன் எட்டுவது கடினம். அடுத்த ஆண்டே அதே குழு அளவோடு நிற்காமல் வேதியியலில் நம்பிக்கை வைத்தது. வேதி மாற்றம் செய்த ஆல்ஜினேட்டில் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த மனித பீட்டா செல்களை அடைத்து, எதிர்ப்பு மண்டலம் முழுதாக இயங்கும் எலிகளில் 174 நாட்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

ஆக்சிஜனை உறைக்குள்ளேயே உண்டாக்கலாமே என்று யோசித்தவர் மயாமியில் இருந்த செரி ஸ்டேப்ளர். 2012இல் அவர் குழு கால்சியம் பெராக்சைடைச் சிலிக்கோனுக்குள் புதைத்து வைத்தது. ஈரம் பட்டதும் அது மெல்ல வினைபுரிந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆக்சிஜன் தந்தது. பெயரிலேயே பெராக்சைடு இருப்பதைக் கவனிக்கலாம். தண்ணீரோடு சேர்ந்தால் முதலில் வருவது ஹைட்ரஜன் பெராக்சைடுதான். அது சிதைந்துதான் ஆக்சிஜன். நீரை ஒட்டவிடாத சிலிக்கோன் அந்த வினையை மட்டுப்படுத்தாமல் இருந்திருந்தால், மூச்சுக் கொடுக்க வைத்த பொருளே செல்லைக் கொன்றிருக்கும். பொருள் தேர்வு என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக ஓர் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இதே ஸ்டேப்ளர் பின்னர் சீரியம் ஆக்சைடு நுண்துகள்களை உறையில் கலந்து பார்த்தார். பெராக்சைடைத் தணித்தபின் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவது சீரியத்தின் சிறப்பு, ஒருமுறையோடு தீர்ந்துபோகாது.

அலபாமாவில் யூஜீனியா கார்லம்பியேவா, ஹூபர்ட் சே இருவரும் உறையைக் குமிழாக இல்லாமல் பூச்சாகவே எண்ணினார்கள். டானிக் அமிலத்தையும் பி.வி.பி. வகை பாலிமரையும் அடுக்கடுக்காகத் திட்டின்மேல் படியவிட்டால் நானோமீட்டர் கணக்கில் மெல்லிய தோல் உண்டாகிறது. ஆக்சிஜன் கடக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. டானிக் அமிலம் பெராக்சைடைத் தணிக்கவும் செய்கிறது. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின்களின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இது. அதனால் கடுக்காய்ப் பொடி சாப்பிட்டால் பீட்டா செல் பிழைக்கும் என்று யாரும் எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். வாய்வழி போகும் டானினுக்கும் ஒரு திட்டின்மேல் ஒட்டவைத்த டானினுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்தியாவில் இந்த வேலை சிறிய அளவில், ஆனால் நல்ல யோசனையோடு நடந்திருக்கிறது. புனே தேசிய செல் அறிவியல் மையத்தில் ரமேஷ் போண்டே, திட்டுகளை உறைபனியில் சேமிக்கும்போது முன்கூட்டியே ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கும் டாரினில் ஊறவைத்தால் அதிகம் பிழைக்கின்றன என்று 2001இல் தன் கூட்டாளிகளோடு எழுதினார். சேதம் எங்கிருந்து வருகிறது என்பதை உணர்ந்து செய்த வேலை அது. போண்டே குழுவினர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் பிரபா நாயருடன் சேர்ந்து பாலியூரேத்தேன் சவ்வுகளையும், ஜெலட்டினும் பி.வி.பி.யும் பின்னிய வலைகளையும் எலித் திட்டுகளுக்கு இருப்பிடமாகச் சோதித்தார்கள். இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானைப் பி.வி.பி.யோடு கலந்து செய்த ஜெல் விழுங்கு செல்களைச் சீண்டவில்லை என்றும் அதே குழு காட்டியது. கவனித்தால் கேள்வி மாறியிருப்பது தெரியும். எவ்வளவு தடுக்கிறது என்பதைவிட எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதையே இவர்கள் அளந்தார்கள்.

பட்டு இந்த வரிசையில் தாமதமாக வந்தது. பட்டிழையில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு ஃபைப்ரோயின் என்ற உறுதியான புரதம். மீதி அதை ஒட்டும் செரிசின் என்ற பசை. நூற்பாலையில் கூட்டை வெந்நீரில் அவிக்கும்போது கரைந்து கழிவுநீரோடு போவது இந்தச் செரிசின்தான். அதற்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணம் உண்டு என்பது 1990களிலேயே தெரிந்தது. 2004இல் ஜப்பானியர்கள் திட்டுகளை வளர்க்கும் ஊடகத்தில் செரிசினைச் சேர்த்து நல்ல பலன் கண்டார்கள். ஃபைப்ரோயினைக் கரைத்து ஜெல்லாக்கி, அதில் திட்டுகளோடு துணைச் செல்களையும் அடித்தளப் புரதங்களையும் சேர்த்தால் இன்சுலின் சுரப்பு கூடுவதை 2012இல் ஓர் அமெரிக்கக் குழு காட்டியது. 2018இல் குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் பிமன் மண்டல் குழுவினர் மல்பெரிப் பட்டையும் அசாமின் மூகா பட்டையும் கலந்து, ஊசியால் செலுத்தக்கூடிய ஜெல் ஒன்றைச் செய்தார்கள். மூகா பட்டில் செல்கள் பற்றிக்கொள்ள ஏற்ற ஒரு சிறு அமினோ அமிலத் தொடர் இயல்பாகவே இருக்கிறது. அந்த ஜெல்லுக்குள் திட்டுகள் இயங்கின. சுற்றியிருந்த விழுங்கு செல்கள் தாக்கும் நிலையை விட்டு ஆற்றும் நிலைக்குத் திரும்பின. பெராக்சைடு உமிழ்பவரையே அமைதிப்படுத்தும் வழி இது. பெராக்சைடை உள்ளே வந்தபின் தணிப்பதைவிட இது எனக்கு நம்பிக்கை தருகிறது.

தருமபுரியில் ஏலம் போகும் மல்பெரிக் கூட்டிலும் இதே ஃபைப்ரோயின்தான். ஆனால் அங்காடியில் கூட்டுக்கு விலை வைப்பது ரெண்டிட்டா பார்த்து, அதாவது ஒரு கிலோ நூலுக்கு எத்தனை கிலோ கூடு ஆகும் என்று பார்த்து. மருத்துவத்துக்கு வேண்டிய தரம் வேறு. சோடா கரைசலில் எவ்வளவு நேரம் வேகவைத்தோம் என்பதைப் பொறுத்துப் புரதச் சங்கிலியின் நீளம் மாறும். நீளம் மாறினால் ஜெல்லின் இறுக்கமும் துளையும் மாறும். கரைக்கப் பயன்படும் லித்தியம் புரோமைடு சிறிதும் மிஞ்சக் கூடாது. செரிசின் தனியாக இருந்தால் நல்லது செய்கிறது; ஃபைப்ரோயினோடு ஒட்டியபடி உடலுக்குள் போனால் அழற்சி வரும் என்று பழைய பட்டுத் தையல் நூல்களின் அனுபவம் எச்சரிக்கிறது. பட்டு ஜெல் நாளாக நாளாக உள்ளுக்குள் படிகமாகி இறுகவும் செய்யும். இறுகினால் ஆக்சிஜனின் பாதை குறுகும். இவற்றுக்கெல்லாம் விடை கண்டபின்தான் எலியைத் தாண்டிப் பெரிய விலங்குகளுக்குப் போக முடியும்.

மனிதர்களில் நடந்த மிகத் தெளிவான ஒப்பீடு சமீபத்தியது. வெர்டெக்ஸ் நிறுவனம் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த திட்டுகளை, எதிர்ப்பை அடக்கும் மருந்தோடு, உறையில்லாமல் 12 பேருக்கு முழு அளவில் செலுத்தியது. ஓராண்டின் முடிவில் 10 பேர் ஊசியை விட்டிருந்தார்கள்; 2025 ஜூனில் முடிவுகள் வெளியாயின. அதே செல்களைத் தடுப்புச் சாதனத்துக்குள் வைத்து, அடக்கும் மருந்து இல்லாமல் செய்த இன்னொரு சோதனையை அதே ஆண்டு மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். உறைக்குள் இருந்த செல்கள் போதிய இன்சுலின் தரவில்லை. செல் ஒன்றே, சுவரும் மருந்தும்தான் வேறு. அதற்குச் சற்று முன், 2024 டிசம்பரில், சுவீடனின் உப்சாலாவில் மரபணு திருத்தி எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்குப் படாமல் செய்த திட்டுகளை ஒருவரின் முன்கைத் தசையில் உறையே இல்லாமல் வைத்தார்கள். அடக்கும் மருந்தின்றி அவை இன்சுலின் சுரந்தன. அந்த வழி வென்றாலும், குழாய்கள் வளரும்வரை செல்லுக்கு மூச்சும் பெராக்சைடுத் தணிப்பும் வேண்டும் என்பது மாறாது. அப்போதும் உறை ஆராய்ச்சியில் கற்ற பொருளறிவு கைகொடுக்கும்.

இதில் எதுவும் இன்று இந்தியாவில் மருத்துவமனைக்குப் போய்ப் பெறக்கூடிய சிகிச்சை இல்லை. முதல் வகை நோயுள்ள பிள்ளை ஊசியை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சில நாட்களில் ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து. ‘ஸ்டெம் செல் ஏற்றிச் சர்க்கரையை நிறுத்துகிறோம்’ என்று பெருந்தொகை கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கு ஏற்கப்பட்டதைத் தவிர, ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்க அனுமதி இல்லை. பதிவு செய்த சோதனையாக மட்டுமே நடத்தலாம். அப்படிப்பட்ட சோதனையில் பங்கேற்கும் நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஒவ்வொரு சோதனைக்கும் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் ஓர் எண் இருக்கும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் கட்டணமின்றித் திறந்து பார்க்கலாம்.